சிக்னல்: நீதிமன்றம் கேட்டாலும் இரண்டு தேதிகளுக்கு மேல் தராத செயலி

சிக்னல் என்னும் குறுஞ்செய்திச் செயலியை மதிப்பிட விரும்புகிறவருக்கு அதன் விளம்பர வாசகங்களைக் காட்டிலும் அமெரிக்க நீதிமன்ற ஆவணம் ஒன்று அதிகம் உதவும். 2016ஆம் ஆண்டின் முற்பாதியில், வர்ஜீனியா மாநிலத்தின் கிழக்கு மாவட்டத்தில் குற்ற விசாரணை நடத்திக்கொண்டிருந்த நடுவர் குழு ஒன்று, இரண்டு தொலைபேசி எண்களைக் குறிப்பிட்டு, அவற்றுக்கு உரியவர்களைப் பற்றி இருக்கும் விவரங்களை ஒப்படைக்கும்படி அந்த நிறுவனத்துக்கு ஆணை அனுப்பியது. அவற்றில் ஓர் எண்ணுக்கு மட்டுமே சிக்னல் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைப் பற்றி நிறுவனம் கொடுத்தவை இரண்டே: கணக்கு தொடங்கப்பட்ட நேரம், அது கடைசியாகச் சர்வருடன் தொடர்புகொண்ட நாள். வேறெதுவும் கைவசம் இல்லாததால் பதில் அவ்வளவில் முடிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆணையும் பதிலும் பொதுவெளியில் வந்தன. பிற்பாடு வந்த இத்தகைய ஆணைகளுக்கும் ஏறக்குறைய இதே பதில்தான் போயிருக்கிறது.

இந்தப் பதிலைப் படிக்கும்போது இரண்டு விதமான மனநிலை எழக்கூடும். தன் உரையாடலை யாரும் சேமித்து வைக்கவில்லை என்ற நிம்மதி ஒன்று; குற்றவாளி ஒருவரைத் தேடிவரும் நீதிமன்றத்துக்கும் கைவிரிக்கும் கருவி ஒன்று ஊரெங்கும் இலவசமாகக் கிடைக்கிறதே என்ற கலக்கம் மற்றொன்று. இரண்டுமே நியாயமானவை என்பது என் கருத்து. ஆகவே இந்தச் செயலியின் வசதிகளைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும் மதிப்புரை பாதி மதிப்புரையாகவே இருக்கும். தேசப் பாதுகாப்புக்கும் சிவில் உரிமைகளுக்கும் இடையிலான வழக்கில் இது ஒரு தரப்பின் சாட்சிப் பொருளாக ஆகிவிட்டது. வழக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அன்றாடப் பயன்பாடு. பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்புடன் சேர்த்து இதையும் பயன்படுத்திவரும் எனக்கு, இரண்டுக்கும் தோற்றத்தில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. குறுஞ்செய்தி, படம், குரல் பதிவு, காணொளி அழைப்பு, 1000 பேர் வரை சேரக்கூடிய குழு, கணினியில் திறக்கும் வசதி ஆகிய அனைத்தும் இருக்கின்றன. விளம்பரம் இல்லை, கடைகளும் வங்கிகளும் அனுப்பும் அறிவிப்புகள் இல்லை, பார்க்க விரும்பாதவர்கள் ‘ஸ்டோரி’ பகுதியை அமைப்பில் (செட்டிங்ஸ்) சென்று முழுவதுமாக நீக்கிவிடலாம். குறித்த காலத்துக்குப் பின் செய்தி இரு முனையிலும் தானாக அழிந்துபோகும் ஏற்பாட்டை ஒவ்வொரு உரையாடலுக்கும் தனித்தனியாக வைக்கலாம், அதிகபட்சம் நான்கு வாரம். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது. குடும்பக் குழுக்களில் காலை வணக்கப் படங்கள் குவிவதைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒன்றே போதுமான பரிந்துரை.

குறைகளும் உண்டு. தமிழ்நாட்டில் பயன்படுத்துகிறவருக்கு முதற்பெருங்குறை, பேசுவதற்கு ஆள் இல்லாமை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது லட்சக்கணக்கானோர் சிக்னலைத் தரவிறக்கினார்கள். கூட்டம் தாங்காமல் அந்த மாதத்தின் நடுவில் சேவை ஒரு நாள் முடங்கவும் செய்தது. சில வாரங்களில் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தின் பெற்றோர் குழுவும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கமும், பால்காரரின் கணக்கும் வாட்ஸ்அப்பில் இருக்கும்வரை, சிக்னல் இங்கே இரண்டாம் செயலியாகவே இருக்கும். புதிதாக ஒருவர் சேரும்போது ‘இன்னார் சிக்னலுக்கு வந்திருக்கிறார்’ என்று அவருடைய எண்ணை வைத்திருப்போருக்கெல்லாம் போகும் அறிவிப்பும் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அந்தரங்கத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு செயலி, ஒருவரின் வருகையை இப்படித் தண்டோரா போட வேண்டியதில்லை. நல்லவேளையாக, இந்த அறிவிப்பைப் பெறுபவர் தன் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொள்ளலாம்.

கணக்குத் தொடங்கத் தொலைபேசி எண் கட்டாயம் என்பது இன்னும் ஆழமான குறை. 2024 பிப்ரவரியில் பயனர் பெயர் வசதி வந்தபின், நம்முடைய எண்ணை எதிரிலிருப்பவருக்குக் காட்டாமல் பேச முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் பதிவு செய்ய எண் வேண்டும்; இந்தியாவில் எண் வாங்க அடையாள ஆவணம் வேண்டும். எனவே சிக்னலில் இருப்பவர் முகமூடி அணிந்தவர் என்ற பொதுவான எண்ணம் சரியல்ல. அவர் பேசுவது மறைந்திருக்கிறதே தவிர, அவர் யார் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது.

காப்பு நகல் விஷயத்தில் இந்தச் செயலி நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தது. கைபேசி தொலைந்தாலோ பழுதானாலோ பழைய உரையாடல்கள் போனது போனதுதான் என்ற நிலை பலரை விரட்டியது. 2025 செப்டம்பரில், மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது சாவி உள்ளவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்ட, காப்பு நகல் வசதியை ஆண்ட்ராய்டில் தொடங்கினார்கள். குறுஞ்செய்திகளும் கடைசி 45 நாட்களின் படங்களும் இலவசமாகச் சேமிக்கப்படும். அதற்கு மேல் வேண்டுவோர் மாதம் 1.99 டாலர் செலுத்தினால் 100 ஜிபி வரை இடம் கிடைக்கும். திறப்பதற்கு 64 எழுத்துகள் கொண்ட சாவி ஒன்றைத் தருவார்கள். அதைத் தொலைத்தவருக்கு உதவ நிறுவனத்தில் யாராலும் முடியாது. வயதான பெற்றோருக்கு இந்த வசதியை அமைத்துக் கொடுப்பவர்கள் சாவியைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களுடன் வைப்பது நல்லது.

செயலியின் பின்னாலிருப்பது இலாபநோக்கற்ற அமெரிக்க அறக்கட்டளை. வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களுள் ஒருவரான பிரையன் ஆக்டன், அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறியபின் 2018இல் 5 கோடி டாலர் கொடுத்து சிக்னலை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக்குடன் சேர்ந்து இதை நிறுவினார். 2022 முதல் மெரிடித் விட்டேகர் தலைவராக இருக்கிறார். 2023இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, புதிய பயனர்களின் எண்ணைச் சரிபார்க்கும் ஓடிபி அனுப்புவதற்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 60 லட்சம் டாலர் செலவாகிறது. நன்கொடையில்தான் வண்டி ஓடுகிறது. மூல நிரல் பொதுவில் கிடக்கிறது. இதன் மறையாக்க நெறிமுறையைத்தான் 2016இல் வாட்ஸ்அப்பும் முழுமையாக ஏற்றுக்கொண்டது. ஆகவே செய்தியின் உள்ளடக்கத்தைக் காப்பதில் இரண்டுக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. யார், யாருடன், எப்போது பேசினார் என்ற விவரத்தை எவ்வளவு சேர்த்துவைக்கிறார்கள் என்பதில்தான் வேற்றுமை. 2016ஆம் ஆண்டு ஆணைக்குக் கிடைத்த பதில் அதைத்தான் காட்டுகிறது.

இனி எதிர்த்தரப்பு. உரையாடலை ஒட்டுக்கேட்கும் அதிகாரம் அரசுக்கு எதற்காக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு 2008 நவம்பர் 26ஆம் நாள் மும்பை ஒரு கடுமையான பதில். 166 பேரைக் கொன்ற அந்தத் தாக்குதலின்போது, தாஜ் ஓட்டலிலும் நரிமன் இல்லத்திலும் இருந்த கொலையாளிகளுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் கட்டளைகள் வந்துகொண்டிருந்தன. இந்திய அமைப்புகள் அந்த அழைப்புகளைக் கண்டறிந்து பதிவுசெய்தன. யார் ஏவினார்கள் என்பதை உலகத்தின் முன் வைப்பதற்கு அந்தப் பதிவுகள் முதன்மையான சான்றாக அமைந்தன. அதே கட்டளைகள் இன்று சிக்னல் போன்ற செயலி வழியாக வந்தால், இடைவழியில் யாரும் கேட்க முடியாது. மறையாக்கத்தை ஆதரித்துப் பேசுகிறவர்களில் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அந்த இழப்பு உண்மையானது, பெரியது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வழக்கில் நேரடியான பங்கு இருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த முதிய பெண் ஒருவர், குழந்தை கடத்துகிறவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளிலும் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் இத்தகைய கொலைகள் நடந்தன. ஒரு செய்தியை முதலில் கிளப்பிவிட்டவர் யார் என்று கண்டறியும் வழி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட பொதுநல வழக்கு, நாளடைவில் முதல் அனுப்புநரைக் கண்டறிவதைப் பற்றிய வழக்காக மாறியது. 2019இல் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி, ஒவ்வொரு செய்தியுடனும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்தே அனுப்பும் முறை ஒன்றை நீதிமன்றத்தில் முன்வைத்தார். உள்ளடக்கத்தைத் திறக்காமலேயே இதைச் செய்யலாம் என்பது அவர் வாதம். அடையாளத்தைப் போலியாக மாற்றியமைக்க முடியும் என்றும், குற்றமற்றவர் சிக்கிக்கொள்வார் என்றும் ஐஐடி பம்பாயைச் சேர்ந்த மனோஜ் பிரபாகரன் எதிர்வாதம் வைத்தார். பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

அதன் நிழல் 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் விழுந்தது. 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட குறுஞ்செய்திச் சேவைகள், நீதிமன்றமோ உரிய அதிகாரம் பெற்ற அலுவலரோ ஆணையிட்டால், முதல் அனுப்புநரை அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது அவ்விதிகளின் 4(2). வாட்ஸ்அப் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டு வெளியேறுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் வாதிட்டார். பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் இதையொத்த சட்டங்கள் பேசப்பட்டபோது சிக்னலும் இதே தொனியில் பதிலளித்திருக்கிறது.

முதல் அனுப்புநரைக் கண்டறியும் கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும். ஆபத்தான ஒரே ஒரு செய்தியின் பிறப்பிடத்தை நாளைக்குக் கண்டறிய வேண்டுமானால், இன்றைக்கே எல்லோருடைய எல்லாச் செய்திகளுக்கும் பிறப்பிடம் குறித்து வைத்தாக வேண்டும். எது ஆபத்தானதாக மாறும் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதால் இதில் விதிவிலக்கு வைக்க இயலாது. ஐயத்துக்கு உரியவர் ஒருவர்மீது ஆணை பெற்றுக் கண்காணிப்பது ஒன்று, ஐயத்துக்கு இடமில்லாத கோடிக்கணக்கானோரின் பேச்சுக்கு முன்னெச்சரிக்கையாகப் பதிவேடு திறப்பது வேறொன்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, அதில் தலையிடச் சட்டம் இருக்க வேண்டும், முறையான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவில் தலையீடு இருக்க வேண்டும் என்று சொன்னது. மூன்றாவது நிபந்தனையை இந்தப் பதிவேடு தாண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அதுவும், வெட்டி ஒட்டிப் புதிதாக அனுப்பினாலே முதல் அனுப்புநர் மாறிவிடும் என்னும்போது, கிடைக்கும் பலன் மிகச் சிறியது.

அரசுக்கு மட்டும் என்று அமைக்கப்படும் வழி அரசிடம் மட்டும் நிற்பதில்லை என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் இருக்கின்றன. கிரீஸ் நாட்டில் வோடஃபோன் நிறுவனத்தின் இணைப்பகக் கருவிகளில், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தரப்பட்டிருந்த மென்பொருளை யாரோ இரகசியமாக இயக்கி, 2004 முதல் 2005 வரை பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உட்பட நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் கைபேசிகளைக் கேட்டிருக்கிறார்கள். செய்தது யார் என்பதைவிட அது எவ்வளவு எளிதாக நடந்தது என்பதே கவனிக்க வேண்டியது. 2024இல் வெளிவந்த ‘சால்ட் டைஃபூன்’ ஊடுருவல் இன்னும் பெரியது. சீன அரசுடன் தொடர்புடையவர்கள் எனக் குற்றம் சாட்டப்படும் ஊடுருவிகள் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்தபோது, நீதிமன்ற ஆணையின்பேரில் ஒட்டுக்கேட்பதற்காக 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட ஏற்பாடுகளும் அவர்கள் கைக்கு எட்டின. அந்த டிசம்பரில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமை, உயர்பொறுப்பில் இருப்பவர்கள் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற ஏற்பாடு) உள்ள செயலிகளையே பயன்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தி, சிக்னலை எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லியது. பல ஆண்டுகளாக மறையாக்கத்தைக் குறைசொல்லிவந்த எஃப்பிஐ-யும் மறையாக்கச் செய்திகளைப் பயன்படுத்தச் சொல்லும் நிலைக்கு வந்தது. தேசப் பாதுகாப்பு என்ற தட்டில் நிற்க வேண்டிய எடை மறுதட்டிலும் கொஞ்சம் இருக்கிறது என்பதை அந்தக் குளிர்காலம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

மேலும், இந்தச் செயலி அரசின் கையைக் கட்டிவிடுகிறது என்பது மிகைக்கூற்று. சிக்னல் காப்பது வழியில் போகும் செய்தியை மட்டுமே. கைபேசியையோ அதை வைத்திருப்பவரையோ அது காப்பதில்லை. 2020இல் பிரெஞ்சுக் காவல்துறை, குற்றவாளிகள் பெரிதும் நம்பிய என்க்ரோசாட் கைபேசிகளுக்குள் தன் மென்பொருளை இறக்கி, மறையாக்கம் நிகழ்வதற்கு முன்னரே செய்திகளைப் படித்தது. 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்றவரின் ஐஃபோனைத் திறக்க மென்பொருள் எழுதித் தருமாறு ஆப்பிளை எஃப்பிஐ நீதிமன்றத்துக்கு இழுத்தது, ஆப்பிள் மறுத்தது, கடைசியில் வேறொருவர் உதவியால் அந்த ஒரு கைபேசி திறக்கப்பட்டு வழக்கு கைவிடப்பட்டது. உக்ரைன் போரில் ரஷ்யச் சார்புக் குழுக்கள் சிக்னலின் கணிதத்தை உடைக்கவில்லை. போலியான கியூஆர் குறியீட்டை வருடவைத்து, உக்ரைன் வீரர்களின் கணக்கில் தங்கள் கருவியை இணைத்துக்கொண்டன என்று 2025 பிப்ரவரியில் கூகுளின் ஆய்வுப் பிரிவு தெரிவித்தது. இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியலை அமைப்பில் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்பது இந்த மதிப்புரையில் நான் தரக்கூடிய மிகவும் பயனுள்ள அறிவுரை. காவல்துறைக்கோ, சிடிஆர் எனப்படும் அழைப்பு விவரப் பதிவு இருக்கிறது, கோபுரம் காட்டும் இருப்பிடம் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, கண்காணிப்புக் கேமரா இருக்கிறது, சாட்சி இருக்கிறது. முந்தைய தலைமுறை அதிகாரிகள் கனவிலும் கண்டிராத அளவுக்கு விவரங்கள் அவர்களிடம் இருக்கின்றன.

இந்தியாவில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஒட்டுக்கேட்கும் ஆணையை இங்கே பிறப்பிப்பவர் உள்துறைச் செயலாளர். அதைச் சீராய்பவர்கள் ஒன்றியத்தில் அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் அவருக்குக் கீழுள்ளவர்களும். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஏற்பாடு இது. அன்றைக்கு வெற்றிடமாக இருந்த ஒன்றுக்கு அது வரம்பு கட்டியது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் 2024 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் விதிகள் மாற்றி எழுதப்பட்டபோதும், ஆணைக்கு முன்போ பின்போ நீதிபதி ஒருவர் வரவில்லை. அமெரிக்காவில் குற்ற விசாரணைக்காக ஒட்டுக்கேட்க 1968 முதல் நீதிபதியின் ஆணை வேண்டும். பிரிட்டனில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையெழுத்திட்டபின் நீதித்துறை ஆணையர் ஒப்பவும் வேண்டும். இங்கே கேட்பவரும் கொடுப்பவரும் சரிபார்ப்பவரும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு தளங்களில் இருக்கிறார்கள்.

அந்தச் சரிபார்ப்பும் எப்போதும் நடப்பதில்லை. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்கில் 2011இல் ஒன்றிய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தார். பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்கு மட்டுமே சட்டம் இடமளிக்கிறது, சாதாரணக் குற்றத்தைக் கண்டறிவதற்கு இதைப் பயன்படுத்த முடியாது என்பது அவர் தீர்ப்பு. பதிவுகள் சீராய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். ஏறத்தாழ அதே நாட்களில் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான ஊழலும் பொதுப் பாதுகாப்புக்குள் அடங்கும் என்ற வேறு பார்வையை எடுத்தது. எல்லைக்கோடு எங்கே என்பதில் நீதிமன்றங்களே இப்படி வேறுபட்டு நிற்கும்போது, கதவு மூடிய அறையில் ஆணையில் கையெழுத்திடும் அதிகாரி கோட்டை எங்கே போடுவார் என்பதை ஊகிக்கலாம். பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில், தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் அரசுக்கு எல்லாவற்றிலிருந்தும் விலக்கு கிடைத்துவிடாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அமைத்த தொழில்நுட்பக் குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததாகவும் அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்றும் சொன்னது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று தலைமை நீதிபதி என்.வி. ரமணா 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே குறிப்பிட்டார். ஓர் ஆணையை நடுநிலையாக ஆராய நீதிபதி இருக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால், சிக்னல் போன்ற செயலியின் தேவை எனக்குப் பாதியாகக் குறைந்திருக்கும். இது ஒரு செயலியின் மதிப்புரையில் வரவேண்டிய வாக்கியமா என்று கேட்கலாம். ஒரு பொருளை ஏன் வாங்குகிறோம் என்பது மதிப்புரைக்கு வெளியே உள்ள கேள்வி அல்ல.

2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை பிறப்பித்த வழிகாட்டுதல் சிக்னலையும் பெயர் சொல்லித் தொடுகிறது. பதிவு செய்த சிம் அட்டை கைபேசியில் தொடர்ந்து இருந்தால்தான் செயலி இயங்க வேண்டும். கணினியில் திறந்த இணைப்பு ஆறு மணிநேரத்துக்குள் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும். 90 நாட்களுக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும் என்றது. வெளிநாட்டிலிருந்து இந்திய எண்களைக் கொண்டு நடத்தப்படும் இணைய மோசடிகளே காரணம் என்கிறார்கள். ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் முதியவர்களின் சேமிப்பு பறிபோவதைக் கேள்விப்படாதவர் இன்று இல்லை என்பதால் நோக்கத்தில் குறை காண மாட்டேன். ஆனால் சிக்னலைப் பொறுத்தவரை இதன் பாதிப்பு, சிம் அட்டையைக் கழற்றிவிட்டு வெளிநாடு செல்பவருக்கும் நாள் முழுவதும் கணினியிலேயே வேலை செய்பவருக்கும்தான் அதிகம். போலி ஆவணத்தில் சிம் வாங்கத் தெரிந்த மோசடிக்காரருக்கு இது சிறிய தொந்தரவு.

மாற்றுச் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. டெலிகிராமில் வழக்கமான உரையாடல்களுக்கும் குழுக்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது. ‘இரகசிய உரையாடல்’ என்று தனியாகத் திறந்தால் மட்டுமே உண்டு. நம்மூர் ஸோஹோவின் ‘அரட்டை’ செயலி 2025 செப்டம்பரில் திடீரென்று புகழடைந்தபோது, அழைப்புகளுக்கு இருந்த முனைக்கு முனை மறையாக்கம் உரையாடல்களுக்கு இல்லை. அதைச் சேர்க்கும் வேலையை நிறுவனம் கையிலெடுத்தது. உள்நாட்டுச் சர்வர் என்பது ஒரு மதிப்புதான். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் மேகச் சேவை அமெரிக்காவில் தடுமாறியபோது சிக்னலும் சேர்ந்து தடுமாறியதை நினைத்தால் அது புரியும். என்றாலும் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைவிட, அதில் என்ன இருக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

வழக்கறிஞர், செய்தியாளர், மருத்துவர், தொழிற்சங்கத்தினர், கணவன் மனைவி, விவாகரத்துக்கு ஆலோசனை கேட்கும் பெண், வேலை மாறத் திட்டமிடும் ஊழியர் ஆகியோர் அனைவருக்கும் சிக்னலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிறுவியவுடன், உங்கள் எண்ணில் வேறொருவர் கணக்குத் தொடங்குவதைத் தடுக்கும் பதிவுப் பூட்டை இயக்குங்கள். எண்ணைக் கொண்டு தேடிக் கண்டுபிடிக்கும் வசதியை விருப்பப்படி அடைத்துவிடுங்கள். எதிரில் பேசுவது அவர்தான் என்று உறுதிசெய்ய, முக்கியமானவர்களுடன் செயலி காட்டும் பாதுகாப்பு எண்ணை நேரில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அரசு அலுவலர்களுக்கும் அமைச்சர்களுக்கும், அலுவல் காரியங்களுக்காக, இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 2025 மார்ச்சில் ஏமன்மீது நடத்தப்போகும் தாக்குதலைப் பற்றி அமெரிக்க அரசின் உயர்பொறுப்பில் இருந்தவர்கள் சிக்னல் குழுவில் பேசிக்கொண்டிருந்தபோது, அன்றைய தேசப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் தவறுதலாகச் சேர்த்துவிட்ட இதழாசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தார். தவறான ஆளைச் சேர்ப்பதை எந்த மறையாக்கமும் தடுக்காது என்பது அதில் எல்லோரும் பேசிய பகுதி. அதிகம் பேசப்படாத பகுதி, அந்தச் செய்திகளில் சில தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன என்பது. இங்கே 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமும் அலுவல் பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்கின்றன. நான்கு வாரத்தில் மறைந்துபோகும் கோப்பைக் கேட்டு எந்தக் குடிமகனும் மனுப் போட முடியாது. இதற்குத் தீர்வாகச் செய்திகளைச் சேமித்துவைக்கும் டெலிமெசேஜ் என்னும் சிக்னல் நகலை வால்ட்ஸ் பயன்படுத்தியது படத்தில் சிக்கியது. 2025 மே மாதத்திலேயே அந்த நகலின் சர்வருக்குள் ஊடுருவி, சேமித்திருந்த செய்திகளை எடுத்துவிட்டார்கள். சேமிக்கும் கடமை உள்ளவர்கள் அதற்கென்று கட்டிய அரசு அமைப்பில் பேசட்டும். வீட்டுக்குப் போனபின் மனைவி மக்களுடன் பேச அவர்களும் சிக்னலை வைத்துக்கொள்ளலாம்.